பொம்மை வரைந்தால் ஆள் மாதிரி வருகிறதா? கோளாறு வாரியாகத் திருத்தும் வழி

நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றும்போது இரண்டு மூன்றை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டில் லைஃப், அதாவது அசையாப் பொருள்களைப் பார்த்து வரைவது, பழகுகிறவர்களுக்கு ஆப்பிளையும் பித்தளைச் செம்பையும் விட இவை அதிகம் கற்றுத்தரும். பொம்மை அசையாது, வாடாது, ஒரு மாதம் ஆனாலும் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். ஆனால் அதற்கு ஒரு முகம் இருக்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. செம்பை வரையும்போது நம் கண் விளிம்பையும் நிழலையும் ஒழுங்காகப் பார்க்கிறது. முகம் என்று வந்துவிட்டால் பார்ப்பது நின்றுவிடுகிறது. மனதில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மனித முகத்தைக் கை தானாகப் போட்டுவிடுகிறது. கீழே சொல்லும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தின் கிளைகள்தான்.

எது தவறு என்று தேடும் முன் ஒரு சோதனை. வரைந்த தாளைப் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆறேழு அடி தள்ளி நின்று, இரண்டையும் சேர்த்துப் போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்புறம் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் கண்ணை உறுத்தினால் கோளாறு நிழலில் இருக்கிறது. திருப்பும்போது உறுத்தினால் கோளாறு வடிவத்தில். வடிவம் தவறாக இருக்கும்போது நிழலைத் திருத்தி எந்தப் பயனும் இல்லை. எனவே இரண்டும் தவறென்றால் வடிவத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

முகம் வேறு யாரோ மாதிரி இருக்கிறது

எல்லோரும் முதலில் சொல்லும் புகார் இது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையையே எடுத்துக்கொள்வோம். அதன் தலை கிட்டத்தட்ட ஒரு முட்டை. மனித முகத்தில் கண்ணுக்குக் குழி உண்டு, மேலே புருவ எலும்பு உண்டு. பொம்மையில் பெரும்பாலும் இரண்டும் கிடையாது. வழவழப்பான வளைவின் மேல் தூரிகையால் தீட்டிய கோடுகள்தான் கண்ணும் புருவமும். நீங்கள் வரைந்த கண்ணைச் சுற்றி இல்லாத குழிக்கு நிழல் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். அந்த ஒன்றிலேயே முகம் பாதி பொம்மையாகிவிடும்.

அடுத்தது கண்களின் அகலம். பொம்மை சற்றே பக்கவாட்டில் திரும்பியிருந்தால், தள்ளியிருக்கும் கண் வளைவின் ஓரத்துக்குப் போய்க் குறுகிவிடும். சில கோணங்களில் அதன் வெளி முனை தெரியவே தெரியாது. பழகாத கை இரண்டு கண்ணையும் ஒரே அளவில் போடும். விளைவு, தலை ஒரு பக்கமும் முகம் இன்னொரு பக்கமும் பார்க்கும்.

திருத்தும் வரிசை இது. முகத்தில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் முட்டையை மட்டும் விட்டுவையுங்கள். நடு நெற்றியிலிருந்து மூக்கு நுனி வழியாகத் தாடை வரை ஒரு நடுக்கோடு போடுங்கள். தலை திரும்பியிருந்தால் அது நேர்க்கோடாக இருக்காது, முட்டையின் மேல் வளைந்து ஓடும். கண்கள் உட்காரும் குறுக்குக்கோட்டையும் அதே மாதிரி வளைத்துப் போடுங்கள். நடுக்கோட்டிலிருந்து முகத்தின் விளிம்பு வரை இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று பென்சிலை நீட்டி அளந்து குறியுங்கள். இந்தக் குறிகள் சரியாக விழும்வரை கண்ணை வரையவே கூடாது. சிலை செய்பவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். வரைகிறவருக்கும் அந்த வரிசையே நல்லது.

கண்ணுக்கு வந்ததும் இன்னொரு கவனம் வேண்டும். பொம்மை செய்தவர் புருவத்தை ஒரே இழுப்பில் போட்டிருப்பார். ஆரம்பத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, முடிவில் மறுபடி மெலியும் கோடு அது. அந்தத் தடிப்பையும் மெலிவையும் அப்படியே எடுங்கள். கையால் தீட்டிய பொம்மையில் இரண்டு கண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஒன்று கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், ஒரு கருவிழி சற்றுப் பெரிதாக இருக்கும். அதைச் சரிசெய்துவிடாதீர்கள். அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வுதான் அந்தப் பொம்மையின் முகம். அதைத் திருத்தினால் கடையில் உள்ள எந்தப் பொம்மையாகவும் அது ஆகிவிடும். ஒரு கைவினைஞரின் கை போன வழியே நம் கையும் போவது எவ்வளவு பெரிய பாடம் என்பதை ஒரு முறை செய்து பார்த்தால் புரியும்.

உடம்பு உயரமாகவும் தலை சிறியதாகவும் வந்துவிடுகிறது

வளர்ந்த மனிதரின் உயரம் சுமார் ஏழரைத் தலை. இது ஓவிய வகுப்பில் முதலில் சொல்லித்தரப்படும் கணக்கு. பொம்மைகள் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. நின்றிருக்கும் செட்டியார், செட்டிச்சியை அளந்து பாருங்கள்; தலை எவ்வளவு பெரியது என்று ஆச்சரியப்படுவீர்கள். கற்ற கணக்கு கையில் இருப்பதால் தலையைச் சுருக்கி உடம்பை நீட்டிவிடுகிறோம்.

கையை முழுக்க நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் தலையின் உயரத்தை எடுங்கள். அது மொத்த உயரத்தில் எத்தனை முறை போகிறது? மூன்றரை என்றால் மூன்றரை, ஐந்து என்றால் ஐந்து. தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு அதன்படி போங்கள். உடம்பின் அகலத்தையும் தலையைக் கொண்டே அளக்கலாம்.

பொம்மைக்கு மிக அருகில் உட்கார்ந்தாலும் அளவு கெடும். உங்கள் தலை கொஞ்சம் அசைந்தாலே பொம்மையின் வடிவம் மாறித் தெரியும். பொம்மையின் உயரத்தைப் போல மூன்று மடங்காவது தள்ளி உட்காருங்கள்.

வரையும்போது சரியாக இருந்தது, சுவரில் சாய்த்தால் நீண்டு தெரிகிறது

தரையில் சம்மணமிட்டு, தாளையும் தரையிலேயே போட்டு வரைகிறவர்களுக்கு வரும் கோளாறு. தாளின் மேல் பகுதி கண்ணிலிருந்து தூரத்தில் இருப்பதால் அங்கே உள்ளது சுருங்கித் தெரிகிறது. அதை ஈடுகட்ட நாம் அறியாமலே தலையையும் தோளையும் நீட்டிவிடுகிறோம். தாளை நிமிர்த்தியதும் அந்த நீட்டல் வெளியே வந்துவிடுகிறது. பரீட்சை அட்டை ஒன்றில் தாளைக் கிளிப் போட்டு, மடியில் வைத்து, மேல் விளிம்பைத் தூக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். பார்வை தாளில் நேராக விழ வேண்டும். அவ்வளவுதான்.

பொம்மை அந்தரத்தில் மிதக்கிறது

இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, அடிப்பாகம். உருண்டையான பீடத்தின் அடியை நேர்க்கோடாக வெட்டிவிட்டீர்களா? மேசை மேல் இருக்கும் பொம்மையை உட்கார்ந்து பார்க்கும்போது அது கண்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வட்டங்கள் நீள்வட்டமாகத் தெரியும். எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு அந்த நீள்வட்டம் அகன்று திறக்கும். அதனால் பாவாடையின் அடி விளிம்பு இடுப்பு ஒட்டியாணத்தைவிட அதிகம் வளைந்திருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஒட்டியாணத்தை நன்றாக வளைத்து, அடியைத் தட்டையாக விட்டுவிடுகிறார்கள். பின்பக்கம் தெரியாவிட்டாலும் நீள்வட்டத்தை முழுதாக, மெல்லிய கோட்டில், பொம்மை கண்ணாடியால் ஆனதாக எண்ணிச் சுற்றி வரைந்துவிட்டு, பிறகு வேண்டாததை அழியுங்கள்.

இன்னொன்று, தொடும் இடத்து நிழல். பொம்மையும் மேசையும் சேரும் இடத்தில் வெளிச்சம் நுழைய முடியாத ஒரு மெல்லிய இருட்டு இருக்கும். படத்திலேயே மிக அடர்த்தியான கறுப்பு பெரும்பாலும் அதுதான். 6பி என்ற மிருதுவான, அடர்ந்து எழுதும் பென்சிலால் அழுத்தி ஒரு கோடு. அங்கிருந்து விழும் நிழல் தள்ளிப்போகப் போக வெளிறி, அதன் விளிம்பும் மங்கும். பொம்மையைச் சுற்றி ஒரே அடர்த்தியில் நிழல் பூசினால் அது நிழலாகவே தெரியாது.

ஷேடிங் போட்டதும் முகத்தில் அழுக்கு படிந்த மாதிரி ஆகிவிட்டது

பொம்மையை வரைவதில் உண்மையிலேயே கடினமான இடம் இது. இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். கோளாறு என்னவென்றால், பொருளின் நிறத்தையும் அதன் மேல் விழும் நிழலையும் கண் குழப்பிக்கொள்கிறது. பொம்மையின் கூந்தல் வெளிச்சத்தில் இருந்தாலும் கறுப்பு. அரக்குச் சேலை பென்சிலில் எப்படியும் அடர்த்தி. மஞ்சள் முகம் நிழலில் இருந்தாலும் வெளிர்தான். நீங்கள் நிறங்களைத்தான் பென்சிலில் மொழிபெயர்த்திருக்கிறீர்கள், வெளிச்சத்தை வரையவில்லை. முகத்தில் நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாததால் அங்கங்கே கொஞ்சம் தேய்த்திருப்பீர்கள். அழுக்காகத் தெரிவது அந்தத் தேய்ப்புதான்.

கண்களைப் பாதி மூடி, இமை வழியாகப் பொம்மையைப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்று இரண்டாகப் பிரியும். அந்த எல்லைக்கோட்டைத் தலையிலிருந்து பீடம் வரை ஒரே பாதையாக வரையுங்கள். நெற்றி, கன்னம், கழுத்து, சேலை, எல்லாவற்றையும் கடந்து அது போகும். எல்லைக்கு அந்தப் பக்கம் முழுவதையும், முகமா சேலையா கூந்தலா என்று பார்க்காமல், 2பி பென்சிலால் ஒரே சீரான டோனில், அதாவது ஒரே அளவு கருமையில், நிரப்புங்கள். இந்தக் கட்டத்தில் கண், மூக்கு எதுவும் வேண்டாம். தள்ளி நின்று பார்த்தால் பொம்மை அப்போதே உருண்டு நிற்கும்.

அதற்குப் பிறகுதான் நிறத்தின் அடர்த்தி. கூந்தலுக்கு இரண்டு பக்கமும் ஒரு அடுக்கு கூட்டுங்கள், சேலைக்கு இன்னொன்று. ஒரே நிறமுள்ள பகுதிக்குள் ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: நிழல் பக்கத்தில் உள்ள மிக வெளிர்ந்த இடம்கூட வெளிச்சப் பக்கத்தின் மிக அடர்ந்த இடத்தைவிடக் கறுத்திருக்க வேண்டும். நிழலுக்குள் மேசையிலிருந்து எதிரொளி வந்து தாடையின் அடியில் கொஞ்சம் வெளுக்கும். அதை அழகாக இருக்கிறதே என்று அதிகம் வெளுத்துவிடுவோம். அங்கே பெரும்பாலான முகங்கள் மறுபடி கெடுகின்றன.

ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் மாணவர்களை ஆள் பார்த்து வரைய விடுவதற்கு முன் வெள்ளை பிளாஸ்டர் சிலைகளை வரைய வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நிறம் இல்லாததால் நிழல் மட்டும் தெளிவாகத் தெரியும். நமக்கு அந்த வசதி இன்னும் சுலபமாகவே உண்டு. சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பக்கத்தில் கொசப்பேட்டையில் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. வண்ணம் தீட்டாத சின்னப் பொம்மை ஒன்றைக் கேட்டு வாங்கி, பத்து நாள் அதை மட்டும் வரையுங்கள். அப்புறம் வண்ணப் பொம்மைக்கு வாருங்கள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

வாட்டர்கலரில் இதே கோளாறு வேறு உருவில் வரும். எல்லா நிழலுக்கும் கறுப்பைக் கலப்பார்கள். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சை தட்டும்; பொம்மைக்குக் காமாலை வந்துவிடும். மஞ்சள் முகத்தின் நிழலுக்குக் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேருங்கள். நீலக் கிருஷ்ணனுக்கு இன்னும் அடர்ந்த நீலமும் துளி ஊதாவும் போதும். கறுப்பு டியூபைக் கூந்தலுக்கு மட்டும் எடுங்கள்.

காலையில் போட்ட நிழல் மத்தியானம் பொருந்தவில்லை

ஓவியப் புத்தகங்கள் வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லும். வெயில் நேராக உள்ளே வராது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்பது கணக்கு. லண்டனுக்கும் பாரிஸுக்கும் அது சரி. சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேராக வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் நடுவாக்கில் திரும்பி வரும்வரை வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. அது மட்டும் அல்ல, மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே தள்ளித்தான் உதிக்கிறது. ஆகவே கோடையில் வடக்கு ஜன்னல் வழியாகக் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து உள்ளே வரலாம். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வடக்கு ஜன்னல் புத்தகம் சொன்னபடியே நடந்துகொள்ளும்.

ராத்திரி வரைகிறவர்கள் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கை, பொம்மையின் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே வையுங்கள். நாலடி நீள டியூப்லைட் வெளிச்சத்தைப் பரப்பிவிடுவதால் நிழலுக்கு எல்லையே கிடைக்காது. கொலு நேரத்தில் சீரியல் செட்டும் எரிந்தால் ஒரு பொம்மைக்கு ஏழெட்டு நிழல் விழும். வரைந்து முடிக்கும்வரை அதற்கு ஓய்வு கொடுங்கள்.

பளபளப்பு வெள்ளைப் புள்ளியாக ஒட்டி நிற்கிறது

எனாமல் பூசிய பொம்மையில் ஒளிப்புள்ளியின் இடம் உங்கள் கண் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. நீங்கள் தலையை நகர்த்தினால் அதுவும் நகரும். எனவே நாற்காலியின் கால் இருக்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். புள்ளியை ஒரு முறை முடிவு செய்தபின் மாற்றாதீர்கள். பளபளப்பு பளிச்சிடுவது வெள்ளையால் மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள டோனாலும்தான். சுற்றிலும் தாள் வெள்ளையாகவே இருந்தால் புள்ளி எப்படித் தெரியும்? பக்கத்தை ஒரு அடுக்கு அடர்த்தியாக்குங்கள். மங்கலான டிஸ்டெம்பர் பொம்மைக்குப் புள்ளியே வேண்டாம். அதை வைக்க ஆசை வரும், விட்டுவிடுங்கள்.

மரப்பாச்சி ஒரே கறுப்பாக வருகிறது

மரப்பாச்சிக்குச் செம்மரம்தான் பழைய வழக்கம். அடர்ந்த நிறம், வழவழப்பு, முகத்தில் பேருக்கு ஒரு மூக்கு. கூந்தலும் மேனியும் ஒரே நிறமாக இருப்பதால் அவுட்லைனை வைத்து அதைப் பிடிக்க முடியாது. உளி வெட்டிய முகப்புகளைத் தேடுங்கள்: நெஞ்சின் தட்டை, பக்கவாட்டுச் சரிவு, தொடையின் முன்பக்கம். விளக்கைத் தாழ்த்திப் பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு முகப்பும் தனி டோனாகப் பிரியும். பின்னணிக்கு வெளிர் துணி வையுங்கள். முழுவதையும் 2பியில் நிரப்பிவிட்டு, வெளிச்ச முகப்புகளை ரப்பரால் ஒற்றி எடுப்பது இங்கே நல்ல முறை. கொலுவுக்காகக் கட்டிவிட்ட பட்டுத் துணியைக் கழற்றிவிட்டு முதலில் வெறும் மரத்தை வரையுங்கள். துணியின் அடியில் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் மடிப்பு ஒழுங்காக விழும்.

சேலைக் கரை பொம்மையில் ஒட்டாமல் தனியே நிற்கிறது

கரையில் உள்ள புட்டாக்களைச் சம இடைவெளியில் வரைந்திருப்பீர்கள். உருண்டையில் நடுவே இருப்பவை முழுதாகத் தெரியும், விளிம்பை நோக்கிப் போகப் போக நெருங்கிச் சுருங்கும். நிழல் பக்கத்தில் ஜரிகையும் மங்க வேண்டும். எல்லாப் புட்டாவையும் போடத் தேவையே இல்லை. வெளிச்சம் நிழலாகத் திரும்பும் இடத்தில் நாலைந்தைத் தெளிவாகப் போட்டால் மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

தலையாட்டி ஒரு நிலையில் நிற்பதே இல்லை

ஃபேனை நிறுத்தினால் வியர்வை, போட்டால் பொம்மை ஆடுகிறது. நடன மாது பொம்மையின் தலையும் இடுப்பும் தனித்தனித் துண்டுகளாகக் கம்பியில் தொங்குகின்றன. காற்றுப் பட்டாலே ஆடும். உள்ளே கம்பியைச் சுற்றிச் சிறிது பஞ்சையோ காகிதத்தையோ செருகி நிறுத்துங்கள். ராஜா ராணி பொம்மை அடியில் கனமாக இருப்பதால் தள்ளினால் எழுந்து நிற்கும். அதன் அடியில் ஒரு வளையலை வைத்தால் அசையாது. வளையல் படத்தில் தெரிந்தாலும் பரவாயில்லை, அதையும் வரையுங்கள்.

கொலுப்படியை வரைந்தால் எல்லாம் வரிசையாக நிற்கின்றன, படமாக இல்லை

ஒன்பது படியையும் ஒரே படத்தில் கொண்டுவர முயல வேண்டாம். உயரம் வேறுபட்ட மூன்று பொம்மைகளை எடுத்து, ஒன்று இன்னொன்றைக் கொஞ்சம் மறைக்கும்படி வையுங்கள். விளிம்போடு விளிம்பு உரசி நிற்பதைத் தவிருங்கள். மறைத்தால் நன்றாக மறைக்கட்டும், பிரிந்தால் நன்றாகப் பிரியட்டும். இடையில் உள்ள காலி இடத்தின் வடிவத்தையும் ஒரு பொருளாக எண்ணி வரைந்தால் பொம்மைகளின் இடம் தானே சரியாகும்.

படியோடுதான் வரைவேன் என்றால் கண்மட்டம் எந்தப் படியில் விழுகிறது என்று முதலில் குறியுங்கள். அதற்குக் கீழே உள்ள பொம்மைகளின் ஒட்டியாணமும் காப்பும் கீழ்நோக்கி வளையும், மேலே உள்ளவற்றில் மேல்நோக்கி வளையும். மேல் படியில் உள்ள கலசத்தின் அடி உங்களுக்குத் தெரியாது, படியின் விளிம்பு அதை மறைத்துவிடும். அங்கே அடியை வரைந்துவிட்டால் மொத்தப் படியும் முன்னால் சரிந்து விழுவதாகத் தோன்றும்.

பயிற்சிக்குப் பொம்மை போதவில்லை என்றால், நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் நடைபாதைக் கடைகளைப் பாருங்கள். அண்ணா சாலையில் உள்ள பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்திலும் அப்போது கொலு பொம்மைக் கண்காட்சி நடக்கும். வாங்கும்போது முகத்தைவிட நிழல் நன்றாக விழும் வடிவம் எது என்று பாருங்கள். மடித்த கை, சாய்ந்த தலை, விரிந்த பாவாடை உள்ளவை வரைய நல்லவை.

தாள் நெளிகிறது, பென்சில் ஈஷிக்கொள்கிறது

இது உங்கள் கையின் கோளாறு அல்ல, ஊரின் ஈரம். உள்ளங்கையின் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு, மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு நிரப்பிக்கொண்டு வாருங்கள். இடது கைக்காரர்கள் மாற்றிச் செய்யுங்கள். வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி அட்டையில் இறுக்குங்கள். ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் முகத்தின் முதல் பூச்சு கலப்பதற்குள் காய்ந்து விளிம்பு கோடாக நின்றுவிடும், தள்ளி வையுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நிலைமை நேர்மாறு: மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, அடுத்த பூச்சைப் பொறுத்துப் போடுங்கள்.